ஒரே நிலம், நாலு ஜில்லா

எங்க வீட்டு மரப்பெட்டியில நாலு பத்திரம் இருக்கு. நாலும் ஒரே நிலத்தோடது. ஏரிக்குக் கீழ இருக்கிற ஒன்றரை ஏக்கர் நஞ்சை. கொள்ளுத்தாத்தா வாங்கின பத்திரத்துல "தென்னாற்காடு ஜில்லா, திருவண்ணாமலை தாலுகா"ன்னு எழுதியிருக்கு. தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையில அதே நிலம் "வட ஆற்காடு ஜில்லா". 1990களின் தொடக்கத்துல அப்பா பதிஞ்சதுல "திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்". எங்க அண்ணன் தம்பி பிரிச்சுக்கிட்டதுல வெறும் "திருவண்ணாமலை மாவட்டம்". நிலம் ஒரு அடி கூட நகரல. வரப்புல இருக்கிற புங்க மரம் கூட அதேதான். ஜில்லா மட்டும் நாலு.

சென்னையில, பெங்களூருல இருக்கிற நண்பர்கள் அடிக்கடி கேக்குறாங்க: "பட்டா, சிட்டா, அடங்கல், ஜமாபந்தின்னு எழுதுறீங்களே, அதெல்லாம் யார் வச்சது? கலெக்டர்னா ஏன் கலெக்டர்?" இந்த நாலு பத்திரத்தையும் வரிசையா வச்சாலே பாதி பதில் வந்துடும். மீதிக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

பெண்ணை வடகரை

இப்ப நமக்கு முகவரின்னா கதவு எண், தெரு, அஞ்சல், மாவட்டம், பின்கோடு. சோழர் காலத்துக் கல்வெட்டுகள்ல எங்க பகுதிக்கு இருந்த முகவரி வேற மாதிரி. ஊர் அண்ணாநாட்டுல இருக்கு, அது வாணகோப்பாடியில இருக்கு, அது பெண்ணை ஆத்துக்கு வடகரைன்னு போகும். ஆறுதான் அடையாளம். எந்தக் கரையில இருக்கேன்னு சொன்னா எங்க இருக்கேன்னு தெரிஞ்சுடும். நாடுங்கிறது ஒரே தண்ணியைக் குடிக்கிற சில ஊர்கள் சேர்ந்தது. பல இடத்துல அப்படித்தான் இருந்திருக்கு. விவசாயிக்கு இது ஒண்ணும் ஆச்சரியமில்லை. இன்னைக்கும் எங்க ஊர்ல "மேமடை, கீழ்மடை"ன்னுதான் நிலத்தைச் சொல்றோம். சர்வே நம்பர் சொன்னா பாதிப் பேருக்குப் புரியாது.

கோயில்தான் அன்னைக்குப் பெரிய அலுவலகம். நில தானம், வரி விலக்கு, விளக்குக்கு விட்ட ஆடு மாடு கணக்கு எல்லாம் சுவத்துலயே வெட்டி வச்சாங்க. ஒன்பதாம் நூற்றாண்டுல இருந்து அந்தக் கணக்கு இருக்கு. பதினாலாம் நூற்றாண்டுல ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர் இந்த ஊரையே தலைநகரா வச்சிருந்தார். வடக்கே இருந்து டெல்லிப் படை, தெற்கே மதுரை சுல்தான், நடுவுல இந்த மலையடிவாரம் அவருக்கு வசதியா இருந்தது. 1340களின் தொடக்கத்துல மதுரை சுல்தானோட நடந்த போருல அவர் உயிர் போச்சு. கோயில் உள்ள அவர் பேருல இன்னைக்கும் வல்லாள கோபுரம் நிக்குது.

அவருக்குப் பிள்ளை இல்லை, அண்ணாமலையாரே பிள்ளையா வந்தார்ங்கிறது தலபுராணக் கதை. அதனாலதான் வருஷா வருஷம் மாசி மகத்துக்குச் சாமி பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். தை மாத ஆத்துத் திருவிழாவுக்கு மணலூர்பேட்டைக்குப் போய்த் தென்பெண்ணையில தீர்த்தவாரி முடிச்சுத் திரும்பும்போது ராஜா இறந்த சேதி வரும். மேளம் இல்லாம திரும்புவார்னு வழக்கம். கலசபாக்கம் பக்கம் தனக்கோட்டிபுரத்துல தன் பேருல இருக்கிற நிலத்தையும் சாமி போய்ப் பார்த்துட்டு வர்றது உண்டு.

நான் பக்திக்காக இதைச் சொல்லல. நிலம் வச்சிருக்கிறவன் வருஷத்துக்கு ஒரு தடவையாவது நேர்ல போய்ப் பார்க்கணும்; இல்லைன்னா அது போயிடும். சாமிக்கே அந்த விதி உண்டு. இன்னொண்ணு, மணலூர்பேட்டை இப்ப கள்ளக்குறிச்சி மாவட்டம். சாமி ஒவ்வொரு தை மாசமும் மாவட்ட எல்லையைத் தாண்டிக் குளிச்சிட்டு வர்றார். கோயில் வரைபடத்துல இன்னும் பெண்ணையாறுதான் எல்லை.

கடலூருக்குப் போன ஊர்

பதினெட்டாம் நூற்றாண்டு எங்க பகுதிக்கு நல்ல காலம் இல்லை. செங்கம் கணவாய் வழியா மேற்கே பாராமகால், மைசூர். கிழக்கே கர்நாடக சமவெளி. ரெண்டுக்கும் நடுவுல திருவண்ணாமலை. படை எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இந்த வழிதான். 1757ல பிரெஞ்சுக்காரங்க பிடிச்சாங்க, 1760ல இங்கிலீஷ்காரங்க. 1767 செப்டம்பர்ல ஹைதர் அலியும் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஜோசப் ஸ்மித் படை மறுபக்கம். முதல்ல செங்கத்துல சண்டை, அதே மாசக் கடைசியில திருவண்ணாமலையில சண்டை. 1790ல திப்பு சுல்தான் வந்தார். கோயில் மதில்தான் கோட்டை. படை வர்ற வழியில விளைச்சல் என்ன ஆகியிருக்கும்னு விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1801ல ஆற்காடு நவாப் கிட்ட இருந்து கர்நாடகப் பகுதி முழுசும் கம்பெனி கைக்குப் போச்சு. நவாப் ஆண்ட பெரிய ஆற்காட்டை வடக்கு, தெற்குன்னு பிரிச்சாங்க. திருவண்ணாமலை தென்னாற்காட்டுல விழுந்தது. தலைநகரம் கடலூர். ஏன் கடலூர்? அங்க கம்பெனியோட செயின்ட் டேவிட் கோட்டை ஏற்கெனவே இருந்தது. துறைமுகம் இருந்தது. திருவண்ணாமலை விவசாயிக்கு எது பக்கம்னு யாரும் யோசிச்சு வச்சதில்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல. ஒத்த மாட்டு வண்டியில மூணு நாலு நாள். ஆனா ஒரு பொருத்தம் இருந்தது. தென்பெண்ணை கடைசியில கடல்ல சேர்றது கடலூர் பக்கம்தான். எங்க துரிஞ்சலாத்துத் தண்ணியும் பெண்ணையில கலந்து அங்கதான் போகுது. தண்ணி போன திசையிலேயே மனுவும் போச்சு.

கலெக்டர்ங்கிற பேரு அங்கதான் வருது. கலெக்ட் பண்றவர், வசூலிக்கிறவர். ஆட்சி, நீதி, நிவாரணம் எல்லாம் பின்னால ஒட்டிக்கிட்டது. முதல் வேலை தீர்வை வசூல். பக்கத்துப் பாராமகால்ல 1792க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ஒரு முறையை உருவாக்கினாங்க: ஜமீன்தாரை நடுவுல வைக்காம, ஒவ்வொரு விவசாயி பேருலயும் நிலத்தை அளந்து, தரம் பிரிச்சு, தீர்வை போட்டு, அவன்கிட்ட நேரா வாங்குறது. அதுதான் ரயத்துவாரி. மன்றோ பின்னால 1820ல இருந்து 1827 வரைக்கும் சென்னை மாகாண கவர்னரா இருந்தார். நம்ம கையில இருக்கிற பட்டா, "இன்னார் பேருல இவ்வளவு நிலம், இவ்வளவு தீர்வை"ங்கிற சீட்டு, அந்த முறையோட பிள்ளை.

அது நல்லதா கெட்டதான்னு ஒரு வரியில சொல்ல முடியாது. பேரு பதிஞ்சதால உரிமை வந்தது. பேரு பதியாதவன் வெளிய நின்னான். சேரியில இருந்து காலம் காலமா ஏர் ஓட்டினவங்க பெரும்பாலும் அந்தக் கணக்குல ஏறவே இல்லை. யார் பேரு ஏறணும்னு முடிவு பண்ற பேனா ஊர்ல ரெண்டு மூணு பேர் கையிலதான் இருந்தது.

மணியமும் கர்ணமும்

கலெக்டர் கடலூர்ல, தாசில்தார் கச்சேரி திருவண்ணாமலையில. ஆனா ஊர்ல அரசாங்கம்னா மணியக்காரர், கர்ணம், தலையாரி, வெட்டி. மணியக்காரர் வசூல் பண்ணுவார். கர்ணம் கணக்கு எழுதுவார். தலையாரி காவல். வெட்டி ஓலை கொண்டு போறவர், அளவுச் சங்கிலி பிடிக்கிறவர், ஊர்க் கூப்பாட்டுக்கு ஓடுறவர்.

1816ல வந்த சட்டங்கள்படி மணியக்காரருக்கு முன்சீப்ங்கிற பட்டமும் சேர்ந்தது. பத்து ரூபா வரைக்குமான சின்ன வழக்கை ஊர்லயே விசாரிச்சுத் தீர்க்கலாம். அதுக்கு மேல போனா ஜில்லா முன்சீப். இப்ப நீங்க கோர்ட்டுன்னா கருப்புக் கோட்டு, பெரிய கட்டடம்னு நினைப்பீங்க. அன்னைக்குப் பாதிக் கோர்ட்டு ஒரு திண்ணை.

வருஷத்துக்கு ஒரு தடவை ஜமாபந்தி. இது இன்னைக்கும் நடக்குது. பசலிங்கிறது விவசாயக் கணக்கு வருஷம். அக்பர் காலத்து ஏற்பாடு. நம்ம ஊருல ஜூலை 1ல தொடங்கி அடுத்த ஜூன் 30ல முடியும். ஆங்கில வருஷத்துல இருந்து 590 கழிச்சா வரும். 2024 ஜூலையில தொடங்கினது பசலி 1434. அறுவடை எல்லாம் முடிஞ்சு, பசலி முடியப் போற மே, ஜூன் மாசத்துல ஒவ்வொரு தாலுகாவுலயும் ஒரு அதிகாரி உக்காந்து ஊர் ஊரா கிராமக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பார். அடங்கல்ல எந்த சர்வே நம்பர்ல என்ன பயிர், எவ்வளவு, எந்தத் தண்ணின்னு இருக்கணும். ஏரி, வாய்க்கால், சுடுகாடு, மேய்ச்சல் புறம்போக்கு யாராவது பிடிச்சிருந்தா பி மெமோல ஏறியிருக்கணும். அளவுச் சங்கிலியைக் கூட எடுத்து வச்சு சரிபார்ப்பாங்க. ஜனங்க மனுவோட வரிசையில நிப்பாங்க. நகரத்துல வருமான வரித் தணிக்கைன்னு ஒண்ணு இருக்குல்ல, அந்த மாதிரி ஒரு கிராமத்தோட வருஷாந்தத் தணிக்கை இது. பல பேருக்கு இது வெறும் மனு கொடுக்கிற நாள்னு ஆகிப் போச்சு. கணக்கைத் திறந்து காட்டுற நாள்ங்கிறதுதான் அதோட அசல் வேலை.

1911

இதுதான் ரெண்டாவது பத்திரம். அந்தக் காலத்து வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரம் வேலூர் இல்லை, சித்தூர். 1911 ஏப்ரல்ல சித்தூரைத் தனி ஜில்லாவாக்கி, சந்திரகிரி, பலமனேர் மாதிரி தெலுங்கு பேசுற தாலுகாக்களை அதுல சேர்த்தாங்க. வட ஆற்காடு இளைச்சுப் போச்சு. அதுக்கு ஈடா சேலம் ஜில்லாவுல இருந்து திருப்பத்தூரையும், தென்னாற்காட்டுல இருந்து திருவண்ணாமலையையும் எடுத்து வட ஆற்காட்டுல ஒட்டினாங்க. தலைநகரம் வேலூருக்கு வந்தது.

நூத்திப் பத்து வருஷமா கடலூரைப் பார்த்து உக்காந்திருந்த ஊர், ஒரு உத்தரவுல வேலூரைப் பார்த்துத் திரும்பி உக்காந்தது. ரமண மகரிஷி 1896 செப்டம்பர் 1ம் தேதி இங்க வந்தப்ப அவர் கால் வச்சது தென்னாற்காட்டுல. 1911ல அவர் மலை மேல விருபாட்சி குகையில இருந்தார். குகையை விட்டு அவர் நகரல. அவர் உக்காந்திருந்த மலைக்கு ஜில்லா மாறிப் போச்சு.

ஒரு வகையில ஜனங்களுக்கு லாபம்தான். வேலூர் எண்பது கிலோமீட்டர் சொச்சம். அதுக்குள்ள விழுப்புரம் காட்பாடி ரயில் பாதையும் வந்துட்டது. எங்க தாத்தா ஒரு வரப்புத் தகராறுக்கு அப்பீல் போட்டுட்டு வேலூர் ஜில்லா கோர்ட்டுக்கு ஏழு வருஷம் நடந்தார். ராத்திரியே கிளம்பி, கட்டுச்சோறு கட்டிக்கிட்டு, ஊர்ல இருந்து டேஷனுக்கு நடந்து, ரயிலேறி, அங்க போனா வாய்தா. "வரப்பு ஒண்ணரை அடி, அதுக்கு நான் வித்தது ரெண்டு ஜோடி மாடு"ன்னு சொல்லுவார். வழக்கு ஜெயிச்சது. ஆனா அந்த வரப்பை வெட்ட மாட்டோட பலம் அவர்கிட்ட இல்லை.

கோர்ட்டே ஆளைத் தேடி வந்த கதையும் இந்த ஊர்ல உண்டு. 1936ல ரமணாசிரமச் சொத்து சம்பந்தமா ஒரு வழக்கு. மகரிஷியைச் சாட்சியா விசாரிக்கணும். அவரைக் கூண்டுல ஏத்தாம, கமிஷன் போட்டு ஆசிரமத்துக்கே வந்து வாக்குமூலம் வாங்கினாங்க. நாலு ஆசிரமத்துல நீங்க எதுன்னு வக்கீல் கேட்டதுக்கு, நாலுக்கும் அப்பாற்பட்ட அதியாசிரமம்னு பதில் சொன்னார். கமிஷன்ங்கிறது சட்டத்துல எல்லாருக்கும் உள்ள வழிதான். வயசானவங்க, நோயாளிங்க கேட்டா கோர்ட்டு அனுமதிக்கலாம். எங்க ஊர்ல அதைக் கேக்கலாம்னு தெரிஞ்ச கிழவன் ஒருத்தனும் இருந்ததில்லை.

பேனா கை மாறினது

ஜில்லா மாறினதை விட எங்க ஊரை அதிகம் மாத்தினது 1980 நவம்பர் 14. எம்.ஜி.ஆர். அரசு ஒரு அவசரச் சட்டத்துல பரம்பரை மணியம், கர்ணம் பதவிகளை ஒழிச்சது. ஊர் ஊரா ஆயிரக்கணக்கான பேர் ஒரே நாள்ல பதவி இழந்தாங்க. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய், 1982ல சட்டம் செல்லும்னு தீர்ப்பு வந்தது. பிறகு தேர்வு எழுதி வர்ற கிராம நிர்வாக அலுவலர். அதே சமயத்துல ரெவின்யூ போர்டையும் கலைச்சாங்க. 1786ல கம்பெனி அமைச்ச போர்டு அது.

இதுல ரெண்டு பக்கமும் கேட்டிருக்கேன். கர்ணத்துக்கு ஒவ்வொரு வயலும் மனப்பாடம். எந்தக் கிணத்துல எத்தனை பங்கு, எவன் பாட்டன் எதை எப்ப வித்தான், எந்த ஓடை எந்தப் பக்கம் ஒதுங்கினதுன்னு கணக்கைத் திறக்காமலே சொல்லுவார். அந்த அறிவு அவங்க வீட்டோட போச்சு. இன்னொரு பக்கம், அந்தப் பேனாவுக்குப் பயந்து வாழ்ந்தவங்க எத்தனை பேர்! அவர் வீட்டுக் களத்துல வேலை செஞ்சாத்தான் அடங்கல்ல பேரு ஏறும். சேரிக்காரர் திண்ணைக்குக் கீழ நின்னுதான் பேசணும். இப்ப அந்த நாற்காலியில எந்தச் சாதிப் பிள்ளையும் பரீட்சை எழுதி உக்காரலாம். அந்த ஒண்ணுக்காகவே 1980 சரின்னு நான் சொல்லுவேன். போன அறிவுக்கு ஈடா அரசாங்கம் வேற ஏதாவது செஞ்சிருக்கணும்ங்கிறது தனி.

1979ல தொடங்கி 1987 வரைக்கும் நடந்த யூ.டி.ஆர். பதிவு வேலையும் இதே காலத்துலதான். பழைய கணக்கைப் புதுப்பிச்சாங்க. சர்வே நம்பரோட உட்பிரிவுகள் வந்தது. எழுதும்போது பேரு மாறினது, அளவு குறைஞ்சது, பக்கத்து வயல்காரன் பேரு ஏறினதுன்னு தவறுகள் நிறைய. ஊரை அறிஞ்ச பழைய ஆள் போய், புது ஆள் வர்ற நடுக்காலம் அது. நாப்பது வருஷம் கழிச்சும் யூ.டி.ஆர். திருத்தம்னு மனு எழுதுறவங்க இருக்காங்க. நீங்க ஊர்ல பூர்வீக நிலம் இருக்குன்னு சொல்லிக்கிட்டு நகரத்துல இருந்தா, ஒரு தடவை பழைய பத்திரத்தையும் இப்ப இணையத்துல வர்ற பட்டாவையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. சும்மா சொல்லல.

கலெக்டர் ஆபீஸ் வந்தது

மூணாவது பத்திரம். 1989 செப்டம்பர் 30. கலைஞர் முதல்வரா இருந்தப்ப வட ஆற்காட்டை ரெண்டாப் பிரிச்சு, எங்க பக்கத்தைத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்னும், அந்தப் பக்கத்தை வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்னும் வச்சாங்க. சம்புவராயர்கள் போளூர் பக்கம் படைவீட்டுல இருந்து ஆண்டவங்க. 1990களின் பிற்பகுதியில மாவட்டங்கள்ல இருந்த தலைவர்கள் பேர், மன்னர்கள் பேர் எல்லாத்தையும் எடுத்தப்ப சம்புவராயரும் போனார், அம்பேத்கரும் போனார். அப்படித்தான் நாலாவது பத்திரத்துல வெறும் திருவண்ணாமலை. வட ஆற்காடு வேலூர் ஆச்சு. தென்னாற்காடும் 1993ல கடலூர், விழுப்புரம்னு பிரிஞ்சது. 2019ல வேலூரும் மூணாப் பிரிஞ்சது. ஆற்காடு ஊர் இப்ப ராணிப்பேட்டை மாவட்டத்துல ஒரு தாலுகா. ரெண்டு பெரிய ஜில்லாவுக்குப் பேர் கொடுத்த ஊருக்குத் தன் பேருல ஒரு மாவட்டம் இல்லை.

மாவட்டம் வந்ததும் கலெக்டர் அலுவலகம் வேலூர் ரோட்டுல வேங்கிக்கால்ல அமைஞ்சது. ஒருங்கிணைந்த கோர்ட்டு வளாகமும் அந்தப் பக்கம்தான். இதுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம், வேங்கிக்கால் ரொம்ப காலத்துக்கு ஒரு கிராம ஊராட்சி. சுமார் 6,190 சதுர கிலோமீட்டர், 2011 கணக்குப்படி 24 லட்சத்து 64 ஆயிரத்துச் சொச்சம் ஜனம், 12 தாலுகா, 18 ஊராட்சி ஒன்றியம், 860 கிராம ஊராட்சி. இத்தனையையும் ஆள்ற கட்டடம் அதுல ஒரு ஊராட்சியோட எல்லைக்குள்ள!

எங்களுக்கு அது பெரிய விடுதலை. திங்கக்கிழமை குறைதீர்வு நாளுக்குக் காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுப் போய், சாயங்காலம் பால் கறக்க வந்துடலாம். விவசாயிக்குத் தூரம்னா கிலோமீட்டர் இல்லைங்க, ஒரு நாள் கூலியும் ஒரு வேளைப் பாலும். தாத்தாவுக்கு ரெண்டு நாள் ஆனது எனக்கு அரை நாள் ஆச்சு.

ஆனா எங்களுக்குப் பக்கத்துல வந்தது செய்யாறு, வெம்பாக்கம்காரங்களுக்குப் பக்கத்துல வரல. செய்யாறுல இருந்து திருவண்ணாமலைக்கு ஆரணி, போளூர் வழியா நூறு கிலோமீட்டர் பக்கம் வரணும். அவங்களுக்குக் காஞ்சிபுரம் முப்பது கிலோமீட்டர்தான். பட்டுச்சேலை நெசவு, கல்யாண ஜவுளி, ஆஸ்பத்திரி, எல்லாம் காஞ்சிபுரம். மனு மட்டும் திருவண்ணாமலை. செய்யாறைத் தனி மாவட்டமாக்குங்கன்னு அவங்க கேக்குறாங்க. ஆரணிக்காரங்க ஆரணியை ஆக்குங்கன்னு கேக்குறாங்க. ஜவ்வாது மலைக்காரங்களுக்கு 12வது தாலுகாவா ஜமுனாமரத்தூர் வந்த பிறகுதான் தாசில்தாரே மலைக்கு ஏறினார். அதுவரைக்கும் ஒரு சாதிச் சான்றுக்கு மலையிறங்கி வந்தாங்க. எங்க தாத்தா வேலூருக்கு நடந்ததை நினைச்சா அவங்க கேக்குறது எனக்கு நியாயமாத்தான் படுது.

தண்ணிக்கு ஜில்லா தெரியாது

மாவட்ட வரைபடத்தை எடுத்து அதுமேல ஆறுகளை வரைஞ்சு பாருங்க. செய்யாறு ஜவ்வாது மலையில இருந்து இறங்கி, செங்கம், கலசபாக்கம் வழியா, தன் பேரு வச்ச ஊரைத் தொட்டு, பாலாத்துல கலக்குது. தெற்கே தென்பெண்ணை சாத்தனூர் அணையைத் தாண்டி கடலூருக்குப் போகுது. ரெண்டு ஆத்து நாடு சேர்ந்துதான் ஒரு மாவட்டம். செய்யாத்துக்காரங்க காஞ்சிபுரத்தைப் பார்க்கிறதும், நாங்க திருக்கோவிலூரைப் பார்க்கிறதும் வம்புக்கு இல்லை. தண்ணி போற பக்கம் சந்தை, சந்தை போற பக்கம் சம்பந்தம்.

சாத்தனூர் அணை 1958ல முடிஞ்சது. உயரம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. தண்டராம்பட்டு தாலுகாவுல இருக்கு, எங்க மாவட்டம். 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் மழை. டிசம்பர் 1ம் தேதி மலையில மண் சரிஞ்சு, அடிவாரத்துல ஒரு வீடு புதைஞ்சு ஏழு பேர் போயிட்டாங்க. அதுல சின்னப் பிள்ளைங்களும் இருந்தாங்க. அதே ராத்திரி சாத்தனூர்ல இருந்து விநாடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கு மேல திறந்தாங்க. அணை எங்க மாவட்டம், மதகு எங்க பக்கம். மூழ்கினது கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டத்துக் கிராமங்கள். எங்க அத்தை மகன் ஊர்ல விடியக்காலம் கட்டில் மட்டத்துக்குத் தண்ணி. "அணையில திறந்தது எங்களுக்கு எப்ப தெரியும் மாமா, தண்ணி வந்தப்பதான்"னு போன்ல சொன்னான்.

பழைய தென்னாற்காடு வரைபடத்துல இந்த ஊர்கள்ல முக்கால்வாசி ஒரே கலெக்டர் கீழ இருந்தது. அப்ப வெள்ளம் வரலைன்னோ, வந்தா நல்லா சமாளிச்சாங்கன்னோ சொல்ல வரல. மாவட்டம் சின்னதாக ஆக அலுவலகம் பக்கத்துல வரும், நல்லதுதான். ஆனா ஆறு அத்தனை துண்டா ஆகாது. மேல இருக்கிறவன் மதகைத் தொட்டா கீழ இருக்கிறவனுக்கு ஒரு குரல் கேக்கணும். எங்க ஏரிப் பாசனத்துல இது சாதாரண விதி. மேமடைக்காரன் பலகையைத் தூக்குறதுக்கு முன்னாடி நீர்கட்டி கீழ்மடைக்கு ஆள் விட்டுச் சொல்லணும். நாலு மாவட்டத்துக்கு நடுவுல அந்த நீர்கட்டி யார்?

அடுத்த பத்திரம்

திருவண்ணாமலை 1886ல நகராட்சி ஆச்சு. 2024 ஆகஸ்ட்ல மாநகராட்சி. சுத்தியிருக்கிற ஊராட்சிகளை அதோட சேர்க்கிற பேச்சும் அறிவிப்பும் வந்துக்கிட்டே இருக்கு. 2019 டிசம்பர்ல ஓட்டுப் போட்டு வந்த ஊராட்சித் தலைவர்களோட பதவிக்காலமும் 2025 ஜனவரி 5ம் தேதி முடிஞ்சு, தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போச்சு.

எங்க ஊர்ல இதைப் பத்தி ரெண்டு கட்சி. இளவட்டம் பாதிப் பேருக்குச் சந்தோஷம். ரோடு, குடிதண்ணி, தெருவிளக்கு வரும், மனை விலை ஏறும். சென்ட் கணக்குல பேசுறாங்க. நாங்க காணி, ஏக்கர்னு பேசினவங்க. பொம்பளைங்க பாதிப் பேருக்குக் கவலை. நூறு நாள் வேலை கிராமத்துக்குத்தான். மாநகராட்சி வார்டு ஆன மறுநாள் அது கிடையாது. வீட்டு வரி ஏறும். கிராம சபையும் இருக்காது. குடியரசு நாள், தண்ணீர் நாள், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சி நாள்னு வருஷத்துக்கு ஆறு தடவை கூடுற சபை. அதுல என்ன பெருசா நடந்துடும்னு நீங்க கேக்கலாம். பல தடவை ஒண்ணும் நடக்காது. ஆனா மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஏரி உபரி வாய்க்கால்ல மனை போட வந்தப்ப, ஒரு கிழவி எழுந்து நின்னு, அந்த வாய்க்கால் எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு வாய்க்கணக்கா சொன்னா. தீர்மானம் போட்டாங்க. ஜமாபந்தியில அதை வச்சோம். அளந்து கல்லு நட்டாங்க. வாய்க்கால் இன்னைக்கும் இருக்கு. வார்டுலயும் சபைக் கூட்டம் நடத்தலாம்னு சொல்றாங்க. அங்க எங்க ஊர் முழு ஊரா உக்காருமா, பத்துத் தெருவுல ஒரு தெருவா உக்காருமாங்கிறதுதான் கேள்வி.

ஊரை நகரத்தோட சேர்க்கக் கூடாதுன்னு நான் சொல்லல. 1801லயும் 1911லயும் யாரும் எங்களைக் கேக்கல. 1989ல கேக்காமலே நல்லது நடந்தது. இப்பவாவது, சேர்க்கிறதுக்கு முன்னாடி கிராம சபையில வச்சு, நூறு நாள் வேலைக்கு என்ன ஈடு, ஏரியும் வாய்க்காலும் யார் பொறுப்பு, மேய்ச்சல் புறம்போக்கு என்ன ஆகும்னு மூணு கேள்விக்கு எழுத்துல பதில் வாங்கணும்னுதான் நாங்க கேக்குறோம். அடுத்த ஜமாபந்திக்கு அந்த மனு தயாராகுது. ஊர்ல ஓட்டு வச்சிருக்கிற நண்பர்கள், சபை நடக்கிற நாள்ல ஒரு நாள் லீவு போட்டு வந்துட்டுப் போங்க. கையெழுத்தை விட ஆள் எண்ணிக்கைதான் அங்க பேசும்.